வரிசையைப் படித்தவர்: பிரெடரிக் சேங்கரும் டி.என்.ஏ.வைப் படிக்கும் முறையும்

அமினோ அமிலங்கள் சங்கிலிபோலக் கோத்து அமைந்தது புரதம் என்று இன்று பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. 1940களின் தொடக்கத்தில் ஒரு வேதியியலாளரிடம் இதைக் கேட்டிருந்தால் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்லியிருப்பார். சங்கிலி என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சங்கிலியில் எதற்கு அடுத்து எது வருகிறது என்று ஒரே ஒரு புரதத்துக்குக்கூட முழுதாகத் தெரியாது. அப்படி நிலையான ஒரு வரிசை இருக்கிறதா என்பதிலேயே சந்தேகம் இருந்தது. நாம் ஒரு பெயர் சொல்லி அழைக்கும் புரதம், ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும் பல மூலக்கூறுகளின் கலவையாக இருக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். மாக்ஸ் பெர்க்மன், கார்ல் நீமன் என்ற இரு வேதியியலாளர்கள் 1930களில் வேறொரு கருத்தை முன்வைத்தார்கள்: ஒவ்வொரு அமினோ அமிலமும் குறிப்பிட்ட இடைவெளி விட்டு, கணக்குப் பிசகாமல், திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டுமே சரியில்லை என்று காட்டியவர் பிரெடரிக் சேங்கர். பிறகு அதே மனிதர் டி.என்.ஏ.வையும் எழுத்து எழுத்தாகப் படிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். வேதியியலுக்கான நோபல் பரிசை 1958, 1980 என்று இரண்டு முறை பெற்றார். அந்தப் பரிசை இரண்டு தடவை பெற்றவர்கள் இதுவரை இருவர்தான். இன்னொருவரான பேரி ஷார்ப்லெஸ் தன் இரண்டாவது பரிசைப் பெற்றது 2022இல்.

சேங்கரைப் பற்றிப் பேசும்போது டி.என்.ஏ. முறையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். இன்று ஆய்வகங்களில் புழங்குவது அதுதான் என்பதால் அது இயல்பு. ஆனால் மூலக்கூறு உயிரியலை அசைத்தது என்று பார்த்தால் அவருடைய இன்சுலின் வேலையே பெரியது என்பேன். ஏன் என்று பார்ப்போம்.

சேங்கர் 1918 ஆகஸ்ட் 13 அன்று இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ரெண்ட்கம் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர். வீட்டில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் நெறி. போர் கூடாது என்பது அந்த நெறியின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அதனால் இரண்டாம் உலகப் போர் வந்தபோது சேங்கர் மனச்சாட்சியின் பேரில் படையில் சேர மறுத்தார். விலக்கும் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பெற்றோர் இருவரையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றி ஆய்வு செய்து 1943இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குப் பேராசிரியராக வந்த ஆல்பர்ட் சிப்னால் அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு, இன்சுலினை எடுத்துப் பாருங்கள் என்றார்.

இன்சுலினைத் தேர்ந்தெடுத்ததற்கு எளிய காரணம் உண்டு. நீரிழிவு நோய்க்கு மருந்தாக அது ஏற்கெனவே தயாராகி வந்தது. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் தூய வடிவில், வேண்டிய அளவு வாங்கக் கிடைத்தது. அந்த நாளில் இப்படிக் கிடைத்த புரதங்கள் மிகக் குறைவு.

மஞ்சள் புள்ளி

சங்கிலியின் ஒரு முனையில் இருக்கும் அமினோ அமிலம் எது? சேங்கர் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் ஓர் அமினோ தொகுதி உண்டு. சங்கிலியின் நடுவில் அது பக்கத்து அமிலத்தோடு பிணைந்துவிடும். முதல் முனையில் இருப்பதற்கு மட்டும் அது கட்டில்லாமல் நிற்கும். அந்தத் தொகுதியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் வேதிப்பொருளாக டைநைட்ரோபுளோரோபென்சீனைப் பயன்படுத்தினார். அது ஒட்டிய அமினோ அமிலம் மஞ்சளாகும். பிறகு புரதத்தை அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்தால் சங்கிலியின் பிணைப்புகள் எல்லாம் அறுந்து, அமினோ அமிலங்கள் தனித்தனியாக உதிரும். மஞ்சள் பொருளின் பிடிப்பு மட்டும் விடாது. உதிர்ந்தவற்றில் எது மஞ்சளாக இருக்கிறதோ அது முனையில் இருந்தது. இன்றும் பாடப்புத்தகங்களில் இந்தப் பொருளுக்குச் சேங்கர் வினைபொருள் என்றே பெயர்.

இன்சுலினில் இதைச் செய்து பார்த்தபோது இரண்டு விதமான முனைகள் தெரிந்தன. ஒன்றில் கிளைசின், மற்றதில் பினைல்அலனின். அப்படியானால் இன்சுலினில் இரண்டு வகைச் சங்கிலிகள் இருக்க வேண்டும். கந்தக அணுக்களின் பாலம் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பாலத்தை உடைத்தார். சங்கிலிகள் பிரிந்தன. 21 அமினோ அமிலம் கொண்டது ஏ சங்கிலி, 30 கொண்டது பி சங்கிலி.

இனிதான் கடினமான பகுதி. முழுச் சங்கிலியையும் ஒரே மூச்சில் படிக்க வழி கிடையாது. அதனால் அமிலத்தை மென்மையாகப் பயன்படுத்திச் சங்கிலியை அரைகுறையாக உடைத்தார். இரண்டு, மூன்று, நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகள் நிறையக் கிடைத்தன. அவற்றை வடிதாளில் பரவவிட்டுப் பிரித்தார்கள். ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் வளர்த்த நிறப்பகுப்பு முறை அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அது இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்காது. பிரித்த ஒவ்வொரு துண்டிலும் என்னென்ன இருக்கிறது, முதலில் நிற்பது எது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஒரு துண்டின் கடைசியும் இன்னொரு துண்டின் தொடக்கமும் ஒன்றாக இருந்தால் அவற்றை அடுத்தடுத்து வைக்கலாம்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் என்ன சிக்கல் என்பதற்குப் பி சங்கிலியிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அதில் ஹிஸ்டிடினும் அதை அடுத்து லூசினும் வரும் இடம் ஒன்றல்ல, இரண்டு. 5, 6ஆம் இடங்களில் ஒரு முறை. 10, 11ஆம் இடங்களில் மறுமுறை. ஹிஸ்டிடின்–லூசின் என்று ஒரு துண்டு கையில் கிடைத்தால் அது எந்த இடத்திலிருந்து வந்தது? அந்தத் துண்டை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. முன்னால் செரின் சேர்ந்திருந்தால் இரண்டாவது இடம். பின்னால் சிஸ்டீன் வந்தால் முதல் இடம். ஆகவே இன்னும் நீளமான துண்டுகள் தேவைப்பட்டன. அதற்காகப் பெப்சின், ட்ரிப்சின் போன்ற செரிமான நொதிகளைப் பயன்படுத்தினார்கள். அமிலம் உடைக்கும் இடங்களும் நொதி வெட்டும் இடங்களும் வேறு வேறு என்பதால் ஒன்றில் விடுபட்டது மற்றதில் கிடைத்தது.

ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஹான்ஸ் டுப்பியோடு சேர்ந்து பி சங்கிலியை 1951இல் முடித்தார். ஏ சங்கிலியை டெட் தாம்சனோடு 1953இல் முடித்தார். கந்தகப் பாலங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதும் தெளிவாகிப் படம் முழுமையானது 1955இல். மொத்தம் 51 அமினோ அமிலங்கள். பத்தாண்டுக்கும் மேலான உழைப்பு.

வரிசை கிடைத்ததும் என்ன மாறியது

கிடைத்த வரிசையை உற்றுப் பார்த்தால் அதில் எந்தச் சூத்திரமும் தென்படவில்லை. இடைவெளிக் கணக்கும் இல்லை. இதற்கு அடுத்து இதுதான் வரும் என்ற விதியும் இல்லை. ஆனால் எந்த மாட்டின் இன்சுலினை எடுத்தாலும் அதே வரிசை. பன்றி, ஆடு ஆகியவற்றின் இன்சுலினையும் பார்த்தபோது, ஏ சங்கிலியில் 8 முதல் 10 வரையிலான இடங்களில் மட்டும் வேறுபாடு தெரிந்தது.

இதை நின்று யோசித்துப் பாருங்கள். வேதியியல் விதி எதுவும் தானாக இந்த வரிசையைத் தராது என்றால், ஒவ்வொரு செல்லும் இதே வரிசையைப் பிழையில்லாமல் எப்படி அமைக்கிறது? எங்கோ ஒரு குறிப்பு இருந்தாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் செல் கோக்கிறது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியானது 1953இல். இன்சுலின் வரிசை முடிந்துகொண்டிருந்ததும் அதே காலம், அதே கேம்பிரிட்ஜ் நகரம். டி.என்.ஏ.வில் உள்ள எழுத்துகளின் வரிசை, புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களின் வரிசையைத் தீர்மானிக்கிறது என்று பிரான்சிஸ் கிரிக் 1957இல் ஓர் உரையில் முன்வைத்தார். புரதத்துக்கு நிச்சயமான வரிசை உண்டு என்பது உறுதிப்படாமல் இப்படி ஒரு கருத்தைச் சொல்லியிருக்கவே முடியாது. இன்சுலின் வேலையைப் பெரிதாக நான் மதிப்பது இதனால்தான். மரபணுக் குறியீடு என்ற கேள்விக்கே பொருள் தந்தது அது.

நோயாளிகளுக்கும் இதில் பயன் இருந்தது. மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம் என்று பின்னால் தெரியவந்தது. பன்றி இன்சுலின் மனித உடலில் ஏன் வேலை செய்கிறது என்பது அதிலிருந்து புரிந்தது. 1978இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினைத் தயாரிக்க முடிந்ததற்கும், 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றதற்கும், வரிசை முன்பே தெரிந்திருந்தது அடிப்படை.

நோபல் பரிசுக்குப் பிறகு சில ஆண்டுகள் சேங்கருக்குப் பெரிய முடிவு எதுவும் கிடைக்கவில்லை. அவரை யாரும் நெருக்கவில்லை. அவரும் நிர்வாகப் பதவி பக்கம் போகாமல் ஆய்வு மேசையிலேயே இருந்தார். சிந்திப்பது, பேசுவது, செய்வது ஆகிய மூன்றில் தனக்குப் பிடித்தது செய்வதுதான் என்று சொல்லிக்கொண்டவர் அவர். 1962இல் கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. கிரிக், மாக்ஸ் பெருட்ஸ், ஜான் கெண்ட்ரூ, சிட்னி பிரென்னர் போன்றவர்கள் இருந்த அந்தக் கட்டடத்துக்குச் சேங்கரும் வந்தார். அங்கே போனபின் அவர் கவனம் புரதத்திலிருந்து, டி.என்.ஏ.வைப் போலவே நான்கு எழுத்துகளால் ஆன ஆர்.என்.ஏ.வுக்குத் திரும்பியது. அதில் முதல் வெற்றி அவருக்குக் கிட்டவில்லை. 1965இல் ராபர்ட் ஹாலி ஒரு சிறிய ஆர்.என்.ஏ.வை முழுதாகப் படித்து முடித்துவிட்டார். சேங்கர் குழு 120 எழுத்துள்ள ஓர் ஆர்.என்.ஏ.வைப் படித்தது அதற்கு அடுத்த சில ஆண்டுகளில். அப்புறம் அவர் கை டி.என்.ஏ.வுக்குப் போனது.

டி.என்.ஏ.வைப் படிப்பது எப்படி

டி.என்.ஏ.வில் எழுத்துகள் நான்கே: ஏ, சி, ஜி, டி. இருபது வகை அமினோ அமிலங்கள் இருக்கும் புரதத்தைவிட இது எளிது என்று தோன்றும். உண்மையில் நேர்மாறு. நான்கே எழுத்து என்பதால் ஒரே மாதிரித் துண்டு எண்ணற்ற இடங்களில் வரும். இரண்டு இடத்தில் வந்த ஹிஸ்டிடின்–லூசினே அவ்வளவு தொல்லை கொடுத்தது. ஆயிரக்கணக்கான எழுத்துள்ள டி.என்.ஏ.வை உடைத்துத் துண்டுகளை ஒட்டவைக்கும் பழைய வழி இங்கே உதவாது.

சேங்கர் அந்த வழியையே விட்டுவிட்டார். உடைப்பதற்குப் பதில் நகலெடுப்போம் என்பது புதிய யோசனை. டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி, ஓர் இழையைப் பார்த்து அதற்கு ஈடான புது இழையை எழுத்து எழுத்தாகக் கட்டும். ஏ எதிரே டி, சி எதிரே ஜி. ஆர்தர் கோர்ன்பெர்க் 1956இலேயே இந்த நொதியைக் கண்டுபிடித்திருந்தார். அது வேலையைத் தொடங்க ஒரு சிறிய தொடக்க இழை தேவை. அதைப் படிக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒட்டிவிட்டால், எல்லா நகலும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்.

இப்போது முக்கியமான கட்டம். புது இழையில் ஒவ்வொரு எழுத்தும் அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொள்வது, சர்க்கரைப் பகுதியில் உள்ள ஒரு ஹைட்ராக்சில் தொகுதியால். அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னஞ்சிறு கொக்கி. அந்த ஆக்சிஜனை மட்டும் நீக்கிவிட்ட எழுத்துக்கு டைடீஆக்ஸி எழுத்து என்று பெயர். ரயிலில் பின்பக்கம் கொக்கி இல்லாத ஒரு பெட்டியைக் கோத்துவிட்டால் அதற்குப் பின்னால் வேறு பெட்டியைக் கோக்க முடியாதல்லவா? அதே மாதிரி, இந்த எழுத்து இழையில் சேரும். ஆனால் அதோடு இழை நின்றுவிடும். நொதியை இப்படி நிறுத்தலாம் என்பதைக் கோர்ன்பெர்க்கின் ஆய்வகம் 1969இல் காட்டியிருந்தது. அதையே படிக்கும் கருவியாக மாற்றியது சேங்கர் குழு.

நான்கு குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் படிக்க வேண்டிய டி.என்.ஏ., தொடக்க இழை, நொதி, நான்கு வகைச் சாதாரண எழுத்துகள் எல்லாம் உண்டு. கூடவே முதல் குழாயில் கொக்கியில்லாத ஏ கொஞ்சம். இரண்டாவதில் கொக்கியில்லாத சி. மூன்றாவதில் ஜி. நான்காவதில் டி. கொஞ்சம் என்பது இங்கே முக்கியம். அதிகம் போட்டால் எல்லா இழைகளும் முதல் வாய்ப்பிலேயே நின்றுவிடும். குறைவாகப் போட்டால் சில இழைகள் முதல் ஏ வரும் இடத்தில் நிற்கும், சில அதைத் தாண்டி இரண்டாவது ஏ வரை போகும், சில மூன்றாவது வரை. ஆகவே ஏ குழாயில் இருக்கும் இழைகளின் நீளங்களைப் பார்த்தாலே ஏ எந்தெந்த இடங்களில் வருகிறது என்று தெரிந்துவிடும்.

நீளத்தைப் பார்ப்பது எப்படி? பாலிஅக்ரிலமைடு என்ற மெல்லிய ஜெல் தகட்டின் மேல்முனையில் நான்கு குழாய்களின் கலவையையும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் இட்டு மின்சாரம் செலுத்த வேண்டும். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அது நேர்முனை இருக்கும் கீழ்ப்பக்கம் நகரும். குட்டை இழை வேகமாகப் போகும், நீள இழை பின்தங்கும். ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் இரண்டு இழைகளும் வேறு வேறு இடத்தில் நிற்கும். கதிரியக்கப் பாஸ்பரஸ் சேர்த்த எழுத்துகளைக் கொண்டு இழைகளைக் கட்டியிருப்பதால், ஜெல்லின்மேல் எக்ஸ்ரே பிலிமை வைத்தால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கருங்கோடாகப் பதியும்.

அந்தப் பிலிமைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு டி தடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே அடுத்த கோடு ஏ தடத்தில். அடுத்தது சி, அதற்கு மேல் ஜி, மீண்டும் ஏ, கடைசியில் டி. புது இழையின் வரிசை டி–ஏ–சி–ஜி–ஏ–டி. அதற்கு ஈடானதை எழுதிக்கொண்டால் மூல இழையும் தெரிந்துவிடும். இவ்வளவுதான் சேங்கர் முறை. 51 அமினோ அமிலங்களுக்குப் பத்தாண்டு உழைத்த மனிதரின் ஆய்வகத்தில், இப்போது ஒரே பிலிமில் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துகளை வரிசையாகப் படித்தார்கள்.

இந்த முறையைச் சேங்கரும் நிக்லென், ஆலன் கூல்சன் இருவரும் சேர்ந்து 1977 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதற்கு முன் 1975இல் கூல்சனோடு உருவாக்கிய வேறொரு நகலெடுப்பு முறையை வைத்து, ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் டி.என்.ஏ.வை ஏறத்தாழ முழுதாகப் படித்திருந்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் அந்தச் சின்ன வைரஸில் இருப்பது 5,386 எழுத்துகள். முழுதாகப் படிக்கப்பட்ட முதல் டி.என்.ஏ. மரபணுத்தொகுதி அதுதான். அது ஒரு பழைய புதிரையும் அவிழ்த்தது. அந்த வைரஸ் தயாரிக்கும் புரதங்களைக் கூட்டிப் பார்த்தால் அவ்வளவுக்கும் அதன் டி.என்.ஏ.வில் இடம் போதாது. வரிசையைப் படித்ததும் விடை தெரிந்தது: ஒரு மரபணுவுக்குள்ளேயே இன்னொரு மரபணு இருக்கிறது. செல் மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று மும்மூன்றாகப் படிக்கிறது; ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினால், அதே பகுதி வேறொரு புரதத்துக்கான குறிப்பாகிவிடுகிறது. இப்படி ஒன்று நடக்கும் என்று அதுவரை பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை.

1981இல் மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.; 16,569 எழுத்துகள். எல்லா உயிர்களுக்கும் ஒன்றே என்று நினைத்திருந்த மரபணுக் குறியீட்டில் விதிவிலக்கு உண்டு என்பது அந்த வேலையின்போதுதான் தெரிந்தது. மற்ற இடங்களில் ‘நிறுத்து’ என்று பொருள்படும் ஒரு மூவெழுத்துக் குறி, மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. அடுத்த ஆண்டு லாம்டா என்ற வைரஸ், 48,502 எழுத்துகள். டி.என்.ஏ.வைக் கண்டபடி துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் படித்து, கணினியைக் கொண்டு பொருத்தினார்கள். பெரிய மரபணுத்தொகுதிகளைப் படிக்க இன்றும் அடிப்படை அதுவே.

அதே 1977இல் அமெரிக்காவில் வால்டர் கில்பர்ட்டும் ஆலன் மாக்சமும் வேதிப்பொருளால் டி.என்.ஏ.வை வெட்டிப் படிக்கும் முறையை வெளியிட்டார்கள். முதல் சில ஆண்டுகளில் அதற்குத்தான் செல்வாக்கு. ஆனால் அதில் நச்சுப் பொருள்களைக் கையாள வேண்டியிருந்தது, வேலையும் அதிகம். மெல்ல மெல்ல எல்லோரும் சேங்கர் முறைக்கு வந்துசேர்ந்தார்கள். 1980இன் வேதியியல் நோபலில் பாதி பால் பெர்குக்கு. மறுபாதியைச் சேங்கரும் கில்பர்ட்டும் பகிர்ந்துகொண்டார்கள்.

65 வயதானதும், 1983இல், சேங்கர் ஓய்வு பெற்றுத் தோட்டவேலைக்குப் போய்விட்டார். ‘சர்’ என்று அழைக்கப்படப் பிடிக்காததால் அந்தப் பட்டத்தை முன்பே மறுத்திருந்தார். கேம்பிரிட்ஜுக்கு அருகே ஹிங்ஸ்டனில் 1993இல் திறந்த மரபணு ஆய்வு மையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மனித மரபணுத்தொகுதித் திட்டத்தில் பெரும்பங்கு வகித்த இடங்களில் அது ஒன்று. அவர் காலமானது 2013 நவம்பர் 19 அன்று, 95 வயதில்.

மனித டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைப் படித்து 2003இல் முடித்த அந்தத் திட்டம் நடந்தது சேங்கர் முறையில்தான். அதற்குள் கதிரியக்கத்துக்குப் பதில் நான்கு நிறச் சாயங்கள் வந்திருந்தன. கொக்கியில்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறம் என்பதால் நான்கு குழாய்கள் தேவையில்லை, ஒன்றே போதும். ஜெல் தகட்டின் இடத்தில் முடிபோல மெல்லிய குழல்கள் வந்தன. நிறத்தைக் கருவியே பார்த்து எழுத்தைக் குறித்துக்கொண்டது.

இன்று கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்கும் புதிய கருவிகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அவற்றில் பரவலாகப் புழங்கும் ஒரு வகையின் வேலையைக் கவனித்தால் பழைய யோசனை அப்படியே தெரியும். அதிலும் நொதி நகலெடுக்கிறது, அதிலும் இழையை நிறுத்தும் எழுத்துதான் சேர்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அந்த அடைப்பைப் பிறகு நீக்கிவிடலாம். ஓர் எழுத்து சேர்ந்ததும் இழை நிற்கும். கருவி நிறத்தைப் படமெடுக்கும். அடைப்பும் சாயமும் நீங்கும். அடுத்த எழுத்து சேரும். நோயாளி ஒருவரின் குறிப்பிட்ட ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று இந்தக் கருவிகள் சொன்னால், அதைச் சரிபார்க்க அந்தப் பகுதியை மட்டும் பழைய சேங்கர் முறையில் இன்னொரு தடவை படித்துப் பார்ப்பது பல ஆய்வகங்களில் இன்றும் வழக்கம்.